பழைய எண் 47

வீட்டு எண் 47
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் காது மட்டும் வழக்கம்போல, கிட்ட வந்து உரக்கச் சொன்னால்தான் கேட்கும். உன் மூட்டுவலி இறங்கியதா என்று எழுது.

நகராட்சி ஆபீஸில் என் மேஜைக்கு டெலிபோன் வந்திருக்கிறது. மணி அடிப்பது எனக்குக் கேட்காது. டைப்பிஸ்ட் வந்து தோளைத் தட்டுவார். எடுத்து "ஹலோ" என்பேன். அந்தப் பக்கம் யாரோ கத்துவது தெரியும். "நல்லது, கவனிக்கிறேன்" என்று வைத்துவிடுவேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்கு நன்றாகக் காது கேட்கும். அவரும் இதே பதிலைத்தான் சொன்னாராம். ஆகவே நமக்குள் எப்போதும் கடிதம்தான்.

போன வாரம் முதல் கமிஷனர் பொறுப்பும் என்னிடம். ஏற்கெனவே மேலாளர். ஸ்டோர்க்காரர் ஓய்வு பெற்றபோது அதுவும் என் தலையில் விழுந்தது. காலி இடங்களுக்கு ஆள் போட மேலிடத்தில் யோசிக்கிறார்கள். யோசிப்பவரின் இடமும் காலி என்று கேள்வி. நேற்று மேலாளர் என்ற முறையில் கமிஷனருக்குக் குறிப்பு எழுதினேன்: ஸ்டோர் கூரை ஒழுகுகிறது. கமிஷனர் என்ற முறையில் ஸ்டோரிடம் விளக்கம் கேட்டேன். பதில் வரத் தாமதமானதால் நினைவூட்டலும் அனுப்பியாயிற்று. மூன்று பேரில் ஒருவனும் உருப்படியில்லை.

நீ கிளம்பும்போது வாசலில் சொன்னதையே மறுபடி எழுதுகிறேன். அத்தான் போன பிறகு நீ மகன் வீட்டில் இருப்பது நியாயம்தான். அவனும் நல்ல பிள்ளை. ஆனால் மாடி அறை உனக்கு என்று வைத்தது வைத்ததுதான். ஒரு வரி எழுது, போதும். நானே வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். கிழக்கு ஜன்னலுக்குக் கொக்கி மாற்றியாகிவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி தினமும் அந்த அறையைப் பெருக்குகிறாள், ஆளில்லாத இடத்தில் இவ்வளவு தூசு எப்படி வருகிறது என்று திட்டிக்கொண்டே.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
தம்பி

ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதியது. எல்லாரும் சௌக்கியம். மூட்டுவலி என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

என் கட்டிலைக் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் போட்டிருக்கிறார்கள். ஒரு வசதி: இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒருவரும் பல் விளக்க முடியாது. பேத்தி காலையில் என் கட்டிலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். "பாட்டி, கேட் திறங்க" என்கிறாள். காலை மடக்கிக்கொள்கிறேன். நீ மூன்று வேலை பார்க்கிறாய். எனக்கு ஒரு கேட் வேலையாவது கிடைத்ததே.

மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருமகளையும்தான். வீடு சின்னது, அது யார் குற்றமும் இல்லை.

ஒரு வரி எழுதச் சொல்கிறாய். எழுதினால் ஒரு தடவைதான் எழுதுவேன். இரண்டாம் தடவை கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சாப்பாடே இரண்டாம் தடவை கேட்டதில்லை, நீதான் பார்த்திருக்கிறாயே. அதனால் அந்த ஒரு தடவையை வீணாக்காமல் வைத்திருக்கிறேன்.

காதில் எண்ணெய் ஊற்றாதே. டாக்டர் சொன்னதை எழுதியே கொடுத்திருக்கிறாரே, அதையாவது படி.

ஆசிகளுடன்
அக்கா

வீட்டு எண் 47
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் தாமதத்துக்கு மூன்று பேர் சார்பிலும் மன்னிப்பு. நாங்கள் நலம். கேட் உத்தியோகத்தில் ஓய்வூதியம் உண்டா என்று விசாரித்துச் சொல்.

இந்த ஊருக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறேன். சிரிக்காதே.

போன மாதம் ஒரு தச்சுப் பட்டறை தீப்பிடித்தது. எண் 203 என்று தகவல். தீயணைப்பு வண்டி வந்தது. நம் ஊரில் வீட்டுக்கு எண் கொடுத்தது கட்டிய வரிசையில். தெருவில் நிற்கும் வரிசையில் அல்ல. 14-க்குப் பக்கத்தில் 88, அதற்கடுத்து 61. வண்டி மூன்று தெரு சுற்றி 203-ஐக் கண்டுபிடித்தபோது, அவர்களை வரவேற்கப் பட்டறை இல்லை. தச்சர் மட்டும் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பரவால்ல சார், இப்பவாவது வந்தீங்களே" என்றார். அதைச் சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகவே ஊர் முழுக்கப் புது எண். தெருத் தொடக்கத்திலிருந்து வரிசையாக, இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை. மன்றக் கூட்டத்தில் வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு நம் வார்டு உறுப்பினர் எழுந்தார்.

"நம்ம தெருல எங்க வீடுதான் ஒண்ணு."

"உங்க வீடு தெருக் கோடில இருக்குதுங்க."

"அப்ப கோடியத் தொடக்கமா மாத்துங்க. இதுக்கெல்லாமா கமிஷனர் யோசிப்பாரு?"

மாற்றினேன். நூறு வருஷமாகக் கிழக்கிலிருந்து தொடங்கிய தெரு இனி மேற்கிலிருந்து தொடங்கும். சூரியனுக்கு மட்டும் இன்னும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

எதிர்ப்பவர் ஒருவர்தான், நம் தபால்காரர். "நம்பர யாரு சார் பாக்கறா? நான் ஆளப் பாத்துதான் குடுக்கறேன்" என்கிறார். உண்மைதான். போன வருஷம் "காது கேக்காத சார்" என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தை நேராக என்னிடம் கொண்டுவந்தவர். "நீங்க இல்லாத நாளில் என்ன செய்வது?" என்று கேட்டேன். "நான் எங்க சார் போகப்போறேன்?" என்றார். ஒரு மனிதரின் மூளையில் ஓர் ஊரின் விலாசப் புத்தகம் இருக்கக் கூடாது அக்கா. அது நிர்வாகம் ஆகாது.

உன் அறை அப்படியே இருக்கிறது. நீ வைத்திருக்கும் அந்த ஒரு தடவைக்கு வட்டி கிடையாது, சீக்கிரம் செலவழி.

அன்புடன்
தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே வெயில் அதிகம். கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும். மற்றபடி நலம். தச்சரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல காரியம்தான். செய்.

மகனுக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்னும் தொலைவான ஊர். ஆபீஸ் குடியிருப்பில் இரண்டே அறை. மருமகளும் முழுகாமல் இருக்கிறாள். நடையில் படுத்திருப்பவளுக்கு எல்லாம் காதில் விழும்.

"அத்தைய என்னங்க பண்றது?"

"பண்றதுன்னா? அம்மா என்ன அலமாரியா?"

"அலமாரின்னா வண்டில ஏத்திடலாம். நான் அதுக்குச் சொல்லல. அவங்களுக்கும் ஒரு மூலை வேணும்ல."

அவள் சொன்னது சரி. மறுநாள் மகன் என் எதிரில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். அந்த ஊரில் வயதானவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம், சுத்தமாக இருக்குமாம், ஞாயிறுதோறும் வருவானாம். "இல்ல, மாமாகிட்டப் போறதுன்னாலும் சரிம்மா. ஜூன் பத்துக்குள்ள சொல்லு. வண்டிக்குச் சொல்லணும்."

யோசிக்கிறேன். உன் மாடி அறை இப்போதும் காலியாகத்தான் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

ஆசிகளுடன்
அக்கா

வீட்டு எண் 112
மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே பார்த்தாயா? உன் தம்பி வீடு நகராமலேயே அறுபத்தைந்து வீடு தள்ளிப் போய்விட்டது. இனி 112 என்று எழுது. நாங்கள் நலம். உனக்குப் பசி திரும்பியதா?

பதினாறாம் தேதி விழா. நகராட்சித் தலைவர் வந்து முதல் எண் தகட்டை வார்டு உறுப்பினர் வீட்டில் அடித்தார். ஆணியை அடிக்கத் தெரியாமல் விரலில் அடித்துக்கொண்டார். விரலுக்கு எண் இல்லாததால் பதிவேட்டில் ஏற்றவில்லை. நம் தெரு முடிந்தது. மற்ற தெருக்களுக்கு இரண்டே ஆட்கள். ஒருவருக்கு உயரத்தில் தலை சுற்றும். மற்றவர் குடிநீர்க் குழாய் ஆள். அவர் ஏணியில் ஏறினால் ஊருக்குத் தண்ணீர் வராது. எப்படியும் வருஷக் கடைசிக்குள் முடித்துவிடுவேன்.

மாடி அறையைக் கேட்டிருந்தாயே. அதை ஏன் கேட்கிறாய்! ஸ்டோர் கூரைதான் ஒழுகுகிறதே, நாலாயிரம் தகடுகளை எங்கே வைப்பது? ஸ்டோர்க்காரர் கேட்டார், மேலாளர் பரிந்துரைத்தார், கமிஷனர் அனுமதித்தார், வீட்டுக்காரன் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் உன் அறையில். தரையிலிருந்து ஜன்னல் வரை தகடு. கால் வைக்க இடமில்லை. இனி யாராவது வந்தால் நெற்றியில் ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு தகட்டோடு தகடாக நிற்க வேண்டியதுதான் என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

ஜூன் பத்து என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வற்புறுத்தினால் நீ எதிர்ப்பக்கம் போவாய் என்பது ஐம்பது வருஷ அனுபவம். நீயே முடிவு செய்.

அன்புடன்
தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் மே 20 கடிதம் கிடைத்தது. படித்தேன். புரிந்தது.

நான் மகனோடு போகிறேன். இல்லத்துக்கு எழுதி இடம் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை வண்டி.

தகடுகளை நகர்த்த வேண்டாம். ஊருக்கு உதவுகிற சாமான், நல்ல இடத்தில் இருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். இனி அவளுக்குத் தூசு பெருக்குகிற வேலை இல்லை.

புது விலாசம் கீழே இருக்கிறது. அவசரமில்லை. நேரம் இருக்கும்போது எழுது.

அக்கா

வீட்டு எண் 112
ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. புது இடம் பழகிவிட்டதா? சாப்பாடு எப்படி? உன் போன கடிதம் தந்தியைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

மறைக்காமல் எழுதுகிறேன். ஜூன் பத்து வரை நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வரி வரும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தகடுகளைச் சுவரோரம் தள்ளி, கட்டில் நுழையுமா என்று நூல் பிடித்துக்கூடப் பார்த்தேன். நுழையும். நீ மகனோடு போவதென்று முடிவு செய்தாய். அதுவும் சரிதான். தாய்க்குப் பிள்ளை கிட்டத்தில் இருப்பதுதான் பலம். இதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

உனக்குச் சிரிப்பு வர ஒரு செய்தி. நமக்குக் கேடயம் கிடைத்திருக்கிறது, சிறந்த சிறு நகராட்சி என்று. தகடு அடித்தது ஒரு தெரு. ஆனால் அறிக்கையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். கேடயம் கொடுக்கும்போது தலைவர் மேடையில் ஒரு சம்பவம் சொன்னார், அதற்குத்தான் பெரிய கைதட்டல். உனக்கு எழுதவில்லையே.

மே பதினாறு விழாவில், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம் தபால்காரர் மேடைக்கே வந்துவிட்டார். கையில் ஓர் உறை. எனக்குத்தான், விலாசம் எண் 47. தலைவர் மைக்கில் சொன்னார்: "கமிஷனரே மொதல்ல விதிய மதிக்கிறாரான்னு பாப்போம்!" ஊரே என்னைப் பார்க்கிறது. நான் வாங்கினால் நாளைக்கு யார் புது எண்ணை மதிப்பார்கள்? கையை உயர்த்தி, "நாற்பத்தேழு இப்ப வேற வீடு. அங்க கொண்டுபோய்ப் போடுங்க" என்றேன். அவர் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் என் காதுக்கு என்ன எட்டும்? மறுபடி கையைக் காட்டினேன். தெரு நீளத்துக்கும் நடந்து போய்ப் புது 47-இன் கதவுத் துவாரத்தில் போட்டார். அவர் கையைத் திரும்ப எடுக்கும்வரை ஊரே கைதட்டியது.

ஏதாவது விளம்பரக் கடிதமாகத்தான் இருக்கும். அந்தப் புது 47 பூட்டின வீடு. அண்ணன் தம்பி இருவர் பாகத்துக்காகப் பத்து வருஷமாக வழக்கு. யாரும் உள்ளே போகக் கூடாது என்று கோர்ட் பூட்டு. ஊரில் எந்தத் தபாலையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் ஒரே வீடு அதுதான். தபால்காரர் அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. விதிப்படி நடப்பவர்களுக்குள் பேச்சு எதற்கு?

பதில் கொஞ்சம் நீளமாக எழுது.

தம்பி

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

நான் நலம். இங்கே எல்லாருக்கும் எண் உண்டு. உனக்கு மிகவும் பிடிக்கும். நான் பத்தொன்பது. பக்கத்துக் கட்டில் பதினெட்டு, முன்னாள் டெலிபோன் ஆபரேட்டர். ஊரார் பேச்சையெல்லாம் முப்பது வருஷம் இணைத்துவிட்டு இப்போது பேச ஆளில்லாமல் என்னிடம் மாட்டிக்கொண்டார். ஜன்னல் அவர் பக்கம். மதியத்தில் எனக்காகத் திரையை விலக்கி வைக்கிறார்.

ஜூனில் நான் எழுதிய கடிதத்தில் ஏதாவது சுருக்கென்று இருந்திருந்தால் மறந்துவிடு. அப்போது எனக்கு விஷயம் சரியாகத் தெரியாது. இப்போது தெரிகிறது. கட்டில் நுழையுமா என்று நூல் பிடித்துப் பார்த்தாய் என்று எழுதினாயே, அந்த வரியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அது போதும் எனக்கு.

நீ சொல்வதுபோல அது விளம்பரக் கடிதமாகத்தான் இருக்கும். அந்தப் பூட்டின வீட்டை அப்படியே விடு. கோர்ட் விஷயத்தில் நீ தலையிடாதே. சொன்னால் கேள்.

என்னைப் பார்க்க வருகிறேன் என்று கிளம்பாதே. மழை முடியட்டும். ஊருக்கெல்லாம் எண் போட்டு முடி. அந்தத் தச்சர் மறுபடி பட்டறை போட்டாரா? அவருக்கு என்ன எண் கொடுத்தாய்?

தபால்காரரோடு பேசு. பாவம், அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

ஆசிகளுடன்
அக்கா

வீட்டு எண் 112
அக்டோபர் 30

அக்கா,

நலம் விசாரித்து எழுத வரவில்லை.

நேற்று 47-இன் உள்ளே குழாய் வெடித்தது. தண்ணீர் தெருவுக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் புகார், கோர்ட் அனுமதி, சாட்சி இருவர். கமிஷனர் என்ற முறையில் நான் பூட்டை உடைத்தேன். கதவுக்குப் பின்னால் குவியலாகத் தபால். உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல டைப்பிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தார். விளம்பரம், விளம்பரம், கோர்ட் நோட்டீஸ், விளம்பரம். பிறகு ஓர் உறையைக் கையில் எடுத்து நின்றுவிட்டேன்.

"சார், அது என்ன சார்?" என்று தோளைத் தட்டினார்.

"தனிக் கடிதம், ஒன்று" என்றேன்.

"யாருக்கு சார்?"

ஓரம் நனைந்து மை பரவியிருந்தது. என் பெயர் பரவவில்லை.

வழக்கில் இருக்கும் வீட்டுப் பொருளை யாரும் எடுத்துப்போகக் கூடாது. ஆகவே அங்கேயே நின்று கமிஷனருக்கு மனு எழுதினேன். மேலாளர் பரிந்துரைத்தார். கமிஷனர் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரும் ஒரே நாளில் ஒரு காரியம் செய்தது இதுதான் முதல் தடவை. தெருவிலேயே படித்தேன்.

தபால்காரர் எதிரில் நின்றிருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு பேசினார்.

"அன்னிக்கே சொன்னேன் சார், இது அக்கா எழுத்துன்னு. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க கையக் காட்டினீங்க."

"மூணாவது தடவ சொல்லியிருக்கக் கூடாதா?"

"கைதட்டிட்டு இருந்தாங்களே சார்."

நீ வைத்த நிபந்தனையைப் படித்தேன். அதற்குப் பிறகு மே இருபதில் நான் என்ன எழுதினேன் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். அக்கா, சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் கடிதம் என் கைக்கு வரவே இல்லை. அது வெறும் ஆபீஸ் கதை. வேறொன்றும் இல்லை.

நாலாயிரம் தகட்டையும் நானே இறக்கிவிட்டேன். முற்றத்தில் மழையில் கிடக்கின்றன, துருப்பிடிக்கட்டும். அறையைக் கழுவிவிட்டோம். கட்டில் போட்டாயிற்று. நீ வா. அந்தத் தடவை செலவாகவில்லை, அப்படியே இருக்கிறது, கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

இன்றே கிளம்பியிருப்பேன். பொறுப்பை ஒப்படைக்க ஆளில்லை. மூன்று நாற்காலிக்கும் சேர்த்துப் பக்கத்து ஊர்க்காரர் புதன்கிழமைதான் வருகிறார். வியாழன், ஆறாம் தேதி முதல் ரயில். உன் பெட்டியைக் கட்டி வைக்காதே, நான் வந்து கட்டுகிறேன்.

தம்பி

நவம்பர் 4

சாருக்கு வணக்கம். நான் பதினெட்டாம் கட்டில். உங்க அக்காவுக்குக் கை நடுங்குது. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன். ஒரு வார்த்தையும் மாத்தக் கூடாதுன்னு கட்டளை.

தம்பி, உன் லெட்டர் மத்தியானம் வந்தது. பூட்டின வீட்டத் திறக்காதேன்னு சொன்னேன். எப்ப நீ என் பேச்சக் கேட்ட? காதுதான் கேக்காதுன்னு பாத்தா இதுவும் கேக்காது.

எனக்கு ஆகஸ்டுலயே தெரியும்டா. கைதட்டினாங்கன்னு எழுதினியே, தேதியப் பாத்தேன், புரிஞ்சுபோச்சு. அது வரைக்கும் உன்மேல கோவமா இருந்தேன். ஒரு ரெண்டு மாசம். என் ஆயுசுல உன்மேல நான் கோவப்பட்டது அவ்வளவுதான், அதையும் வாபஸ் வாங்கிட்டேன்.

ஏன் மறுபடி எழுதலன்னு கேப்ப. ரெண்டாந்தடவ கேக்கற பழக்கம் இல்லன்னு மட்டும் இல்ல. ஜூலைலயே இங்க டாக்டர் வயித்துல கட்டின்னு சொல்லிட்டாரு. ரயில்ல போற ஒடம்பு இல்லன்னுட்டாரு. சாப்பாடு எறங்கலன்னு எழுதினேனே, அது வெயில் இல்ல. வரவே முடியாதவ, வந்திருப்பேன்னு உங்கிட்டச் சொல்லி உன்ன அழவைக்கணுமா?

தகட்ட மழைல போட்டுட்டியாமே. அறிவு இருக்கா? எடுத்து உள்ள வை. தச்சருக்கு மொதல்ல அடி. ஒருத்தர் வீடாவது நேரத்துக்கு யாராவது வந்து சேரட்டும்.

நீ வா. இங்கயும் கால் வைக்க இடமில்ல. பதினெட்டு நாற்காலி தரேன்னு சொல்றாங்க. ஜன்னல் பக்கம் உக்காரலாம்.

நல்லா இரு.

நவம்பர் 5

சார், நேற்று இதைச் சொல்லி முடித்துவிட்டு, படித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். "தச்சர்" வந்த இடத்தில் சிரித்தார்கள். இன்று காலை ஏழரைக்குப் போய்விட்டார்கள். மகன் பக்கத்தில் இருந்தார். உங்களுக்குத் தந்தி அடித்திருக்கிறார்.

இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். இருந்தாலும் தபாலில் போடுகிறேன். எண் 112 என்று அவர்களே உறையில் எழுதினார்கள். அது மட்டும் அவர்கள் கையெழுத்து.

பதினெட்டு

[உறையில் எண் 47 என்று இருந்த கடிதம்]

மே 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

ஒரு வரி என்றாயே, இதோ: நான் வருகிறேன்.

மற்றதெல்லாம் உபரி. ஒரே ஒரு பெட்டிதான். அத்தான் படத்தைத் துணிக்கு நடுவே வைத்துவிட்டேன், உடையாது. பேத்தியிடம் மட்டும் சொன்னேன். "அப்ப கேட்ட யாரு திறப்பா?" என்று கேட்டாள். காலை மடக்கி வழிவிட்டேன்.

இன்னொன்று. அது உன் வீடு மட்டுமில்லை. அவளுக்கும் ஒரு மனசு இருக்கும், வாசலில் சொன்னது வேறு, தினமும் பார்ப்பது வேறு. ஒத்துவராவிட்டால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முடியாது என்று எழுதாதே. அந்தச் சொல்லை உன் கையெழுத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இந்தப் பேச்சையே எடுக்காமல், வழக்கம்போல உன் ஆபீஸ் கதை எதையாவது எழுது. நான் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வேன்.

உன்
அக்கா